தூள் விழும் இடம்

லிஃப்டுகளுக்கு மூளை செய்துகொடுக்கும் நிறுவனம் ஒன்றின் ஐந்தாவது மாடியில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தும், படியக்கா ஒரு நாள்கூட லிஃப்டில் ஏறியதில்லை. காலையில் தொண்ணூற்றாறு படி ஏறுவார், மாலையில் அதே தொண்ணூற்றாறு படி இறங்குவார். ஏன் என்று கேட்டால் முட்டிக்கு நல்லது என்பார். முட்டிதான் வலிக்கிறது என்கிறீர்களே என்று மடக்கினால், ஏறாவிட்டால் இன்னும் வலிக்கும் என்பார். உண்மையான காரணம் வேறு. ஓட்டல் சமையற்காரர்கள் வீட்டுக்குப் போய்த்தான் சாப்பிடுகிறார்கள் அல்லவா? உள்ளே என்னென்ன போகிறது என்று அவர்களுக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும்.

அவருடைய பதவியின் பெயர் பில்டு பொறியாளர். அது என்ன உத்தியோகம் என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போது அவர் கணவர், விளக்கம் சொல்லும் சிரமத்தைத் தவிர்க்க, கட்டடம் சம்பந்தப்பட்டது என்று சொல்லி முடித்துவிடுவார். அதை நம்பி இதுவரை மூன்று குடும்பங்கள் வீட்டு வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அக்காவிடம் வந்திருக்கின்றன. அவரும் முகம் சுளிக்காமல் உட்கார்ந்து, மாடிப்படியை எந்தப் பக்கம் வைக்கலாம், ஒரு படி எத்தனை அங்குலம் உயரம் இருந்தால் மூச்சு வாங்காது என்றெல்லாம் யோசனை சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்த ஒரு விஷயத்தில் அவருக்கு இருந்த அனுபவம் எந்தக் கட்டடப் பொறியாளருக்கும் இருந்திருக்காது.

அவர் உண்மையில் செய்த வேலை இதுதான். மற்றவர்கள் எழுதித் தரும் நிரலை, அதாவது கம்ப்யூட்டர் புரோகிராமை வாங்கி, அதை எந்திரம் புரிந்துகொள்ளும் கோப்பாக மாற்றி (இப்படி மாற்றுவதற்குத்தான் பில்டு என்று பெயர்), மூட்டை கட்டி லிஃப்டுக்கு அனுப்ப வேண்டும். ஒழுங்காக நடந்தால் அப்படி ஒரு வேலை நடந்ததே யாருக்கும் தெரியாது. பிசகினால் காவலாளி வரைக்கும் தெரிந்துவிடும். இந்த வேலைக்கு வருவதற்கு முன் அவர் ஒரு நூலகத்தில் ஆறு வருடம், திரும்பி வந்த புத்தகங்களை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார். தப்பான இடத்தில் வைத்த புத்தகமும் எரிந்துபோன புத்தகமும் ஒன்று என்பது அங்கே அவருக்குப் பிடிபட்டது. மாலை நேர வகுப்பில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு இங்கே நேர்காணலுக்கு வந்தவர், உங்கள் பலம் என்ன என்ற கேள்விக்கு, எதை எங்க வெச்சேன்னு எனக்கு மறக்காது என்று பதில் சொன்னார். எதிரே இருந்த மூவரும் அந்த நேரத்தில் அவருடைய விண்ணப்பத்தை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். வேலை உடனே கிடைத்தது.

வாழ்க்கையில் அவருக்கு இருந்தது ஒரே ஒரு கொள்கை. வேலை நடக்கிற இடம் வேறு, அதன் குப்பை விழுகிற இடம் வேறாக இருக்க வேண்டும். நகம் வெட்டினால் காகிதம் விரிப்பார். பென்சில் சீவினால் கிண்ணம் வைப்பார். கணவர் வீட்டு முன்னறையில் படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கும் தொழில் செய்தார். ரம்பமும் மரமுமாக ஓடுகிற தொழிலில் தூள் எங்கே விழும் என்பதைப் பற்றிக் கணவன் மனைவிக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. அது அவர்கள் கல்யாணத்தைவிட இரண்டு நாள்தான் இளையது.

கொள்கை என்று ஒன்று இருந்தால் அதற்கு எதிரி ஒன்று இருக்க வேண்டும் அல்லவா? அக்காவின் எதிரி அலுவலகத்திலேயே இருந்தது. லிஃப்டின் மூளைக்கு அடியில் கெர்னல் என்று ஓர் அடிமூளை உண்டு. கதவு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் சின்ன நிரல் ஒன்று அதில் போய்ச் செருகிக்கொள்ளும். இப்படிச் செருகும் துண்டுக்கு மாட்யூல் என்று பெயர். இந்த மாட்யூலைக் கெர்னலின் சொந்தப் பில்டு முறையில்தான் தயாரிக்க முடியும். அந்த முறை உலகம் முழுக்கப் பெயர் வாங்கியது, மகா புத்திசாலி. ஆனால் அதற்கு ஒரு கெட்ட பழக்கம். மூல நிரல் எங்கே இருக்கிறதோ, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டு, அங்கேயே எச்சிலைப் போட்டுவிட்டுப் போகும். கதவு மாட்யூல் ஒன்றைச் செய்தால் நாற்பத்தோரு கோப்புகள் விழும். நமக்கு வேண்டியது அதில் ஒன்றே ஒன்று. மீதி நாற்பதும் மூல நிரலின் மடியிலேயே கிடக்கும்.

இதில் இன்னொரு சங்கடம். லிஃப்டுக்குள் வைக்கும் மின்பலகையில் பழையது, புதியது என்று இரண்டு வகை. கதவு மூடியிருந்தால் பழைய பலகை ஒன்று என்று சொல்லும், புதிய பலகை பூஜ்யம் என்று சொல்லும். மூல நிரல் ஒன்றுதான். ஒரு சின்ன விசையை மாற்றி இரண்டு முறை பில்டு செய்தால் இரண்டு வகைக்கும் மாட்யூல் கிடைத்துவிடும். கிடைக்கிற இரண்டுக்கும் ஒரே பெயர், விழுகிற இடமும் ஒன்றே. அதனால் அக்கா பழைய பலகைக்குச் செய்து முடித்ததும் ஃபோல்டரைச் சுத்தமாகக் கழுவித் துடைத்துவிட்டு, அதன் பிறகே புதியதைத் தொடுவார். இந்தக் கழுவலுக்கும் மறு பில்டுக்குமாக நாற்பது நிமிடம் ஆகும்.

மேலாளர் நல்ல மனிதர், அவசரக்காரர். எந்தக் கூட்டத்துக்கும் பாதியில் வந்து பாதியில் போய்விடுவார். அதனால் எந்த விஷயத்திலும் அவருக்கு நடுப்பகுதி மட்டும் தெளிவாகத் தெரியும். பாதுகாப்பு ஆய்வாளர் வருகிற வாரத்தில் அவர் அக்காவின் மேஜைக்கு வந்து, அந்தக் கழுவுற வேலையை இந்த ஒரு தடவை விட்டுடுங்க, நேரமில்லை என்றார். அக்கா விட்டார்.

அன்று புதிய பலகைக்கான பில்டு ஏதோ ஒரு கோப்பு இல்லாமல் பாதி வழியில் நின்றுபோனது. மூட்டை கட்டும் நிரல் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஃபோல்டர் ஃபோல்டராகத் தேடிப் பார்த்தது. கதவு மாட்யூல் என்ற பெயரில் ஒன்று கிடந்தது. பழைய பலகைக்குச் செய்தது, கழுவாமல் விட்டது. எடுத்துப் புதிய பலகைக்கான மூட்டையில் போட்டுக் கட்டிவிட்டது. லிஃப்டுகளை ஓட்டிப் பார்ப்பதற்கென்று நிறுவனம் கட்டியிருந்த சோதனைக் கோபுரத்தில் ஆய்வாளர் லிஃப்டில் ஏறினார். கதவு மூடியது. மூடிய கதவைப் பார்த்து, திறந்தே இருக்கிறது என்று லிஃப்ட் நினைத்துக்கொண்டது. திறந்த கதவோடு நகரக் கூடாது என்பது அதற்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்ததால், நல்ல பிள்ளையாக அசையாமல் நின்றது. வெளியே இருந்தவர்கள் கதவைக் கையால் நெம்பித் திறக்க ஐம்பது நிமிடம் ஆனது. உள்ளே உட்கார ஒன்றும் இல்லை. ஆய்வாளர் கனத்த உடம்புக்காரர்.

அடுத்த நாள் கூட்டத்தில் யார் தப்பு என்ற கேள்வி எழுந்தது. மேலாளர் கூரையிலிருந்த விளக்குகளை எண்ணத் தொடங்கினார். அவர் ஆறாவது விளக்குக்கு வரும்போது அக்கா, "என் பில்டுலதான் நடந்தது" என்றார். கழுவ வேண்டாம் என்று யார் சொன்னார்கள் என்பதை அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. சொன்னது யாராக இருந்தாலும் விட்டது நான்தானே என்பது அவர் கட்சி. மேலாளருக்கு நன்றி பொங்கியது. அந்த நன்றியை அவர் ஓர் எச்சரிக்கைக் கடிதமாக வெளிப்படுத்தினார். மூன்று வாரத்தில் ஆய்வாளர் மறுபடி வருவார். இந்த முறையும் தவறினால் கதவு மாட்யூல் வேலை வெளியே போய்விடும், அக்கா ஆவணப் பிரிவுக்கு மாற்றப்படுவார். ஆவணப் பிரிவு இரண்டாவது மாடியில் இருந்தது. விடுப்புப் படிவத்தை நிரப்புவது எப்படி என்று விளக்கும் கையேட்டை அங்கே ஆறு வருடமாகத் திருத்திக்கொண்டிருந்தார்கள். முட்டிக்கு மிச்சம்தானே என்றார் கணவர். அன்று இரவு அவர் தட்டில் சாப்பாடு வந்து விழுந்த சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது.

ஆக, ஐம்பத்தொரு வயதில் அக்காவின் இடம் ஒரு கேள்வியில் வந்து நின்றது. மூல நிரலைத் தொடாமல், நாற்பத்தோரு கோப்புகளையும் வேறு இடத்தில் விழவைக்க முடியுமா?

மேலாளர் முதலில் ஒரு யோசனையோடு வந்தார். பில்டு கட்டளையில் O என்று ஓர் எழுத்து இருக்கிறதே, அதற்குப் பக்கத்தில் இடத்தை எழுதினால் எல்லாம் அங்கே போய்விடுமே என்றார். நடுப்பகுதி மட்டும் தெரிந்தவர்கள் எல்லோரும் விழுகிற குழி இது. அந்த O, கெர்னலின் சொந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று சொல்வதற்கானது. நம் மாட்யூலுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அக்காவுக்கு இது தெரியும். இருந்தாலும் மரியாதைக்காக அவர் கண் முன்னாலேயே O போட்டுப் பில்டு செய்தார். நாற்பத்தோரு கோப்புகளும் வழக்கம்போல மூல நிரலின் மடியிலேயே விழுந்தன.

"O போட்டாச்சு சார். நமக்கும் அதேதான் கிடைச்சிருக்கு" என்றார் அக்கா. மேலாளர் வட்டமாக வாயைத் திறந்து மூடினார்.

இரண்டு நாள் கழித்து, புதுசாக வந்த கெர்னலில் இதற்கென்றே ஒரு வசதி இருக்கிறதாம் என்று செய்தி கொண்டுவந்தார். அது உண்மைதான். ஆனால் ஓடுகிற லிஃப்டுகளில் இருப்பதெல்லாம் ஏழு வருடத்துக்கு முந்தைய கெர்னல். அதை மாற்றினால் கதவு மட்டுமல்ல, கயிற்றிலிருந்து மணி வரை எல்லாவற்றையும் மறுபடி ஆய்வாளரிடம் காட்ட வேண்டும். அடுத்த தெரு வீட்டில் ஜன்னல் அழகாக இருக்கிறது என்பதற்காக நம் வீட்டை இடிக்க முடியுமா என்று அக்கா கேட்டார். மேலாளருக்கு வேறொரு கூட்டத்தின் நடுப்பகுதி காத்திருந்தது.

அடுத்தது அக்காவின் சொந்த முயற்சி. மூல நிரலை நகலெடுத்து இரண்டு படி செய்தார். ஒன்று பழைய பலகைக்கு, ஒன்று புதியதற்கு. அந்தந்தப் படிக்குள் பில்டு செய்தார். வேலை நடந்தது, குப்பையும் படியோடு போயிற்று. நான்கு நாள் நிம்மதியாகக் கழிந்தது. ஐந்தாம் நாள் கதவு நிரலை எழுதும் சக ஊழியர் தலையில் கைவைத்துக்கொண்டு வந்தார். அவரைக் கதவுத் தம்பி என்பார்கள். முந்தின நாள் அவர் ஒரு பிழையைக் கண்டுபிடித்து அரும்பாடுபட்டுத் திருத்தியிருந்தார். திருத்தியது மூலத்தில் இல்லை, தெரியாமல் படியில். அக்கா காலையில் வந்ததும் பழைய படியை அழித்துவிட்டுப் புதுப் படி எடுத்திருந்தார்.

"உங்க பேர்லயே படி இருக்குக்கா, எனக்கு முதல்லயே தோணியிருக்கணும்" என்றார் தம்பி. அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. பதினைந்து நாள் போய்விட்டிருந்தது.

சனிக்கிழமை மதியம் முன்னறையில் கணவர் ஒரு பெரிய படத்துக்குச் சட்டம் போட்டுக்கொண்டிருந்தார். அதாவது, படம் முன்னறை மேஜையில் கண்ணாடிக்கு அடியில் பத்திரமாக இருந்தது. அவர் பின்கட்டுப் பால்கனியில் இருந்தார். அக்கா துணி காயப்போடப் போனவர், வெறும் மரத்தை வைத்து அறுத்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து, படம் எங்கே என்று கேட்டார்.

"உள்ள இருக்கு."

"படம் இல்லாம எப்படிங்க அளவு தெரியுது?"

கணவர் காதில் செருகியிருந்த அட்டைத் துண்டை எடுத்துக் காட்டினார். படத்தின் நாலு பக்கமும் அதில் பென்சிலால் குறித்திருந்தது. "படத்தத் தூக்கிட்டு வந்தா அதுமேல தூள் விழும், நீ கத்துவ. இருபத்தஞ்சு வருஷமா கத்துறியே. தூளுகிட்ட போயி நீ அங்க விழுன்னு சொல்ல முடியுமா? எங்க அறுக்குறோமோ அங்கதான் அது விழும். அதான் அறுக்குற எடத்த மாத்திட்டேன். படம் பாட்டுக்கு அது எடத்துல இருக்கட்டும், குறிப்பு மட்டும் போதும் எனக்கு."

அக்கா ஈரத் துணியை அவர் தோளில் போட்டுவிட்டு உள்ளே போனார். துணி காயப்போடுவதற்கான ஒரு புதிய முறை என்று நினைத்துக் கணவர் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார்.

கம்ப்யூட்டரில் சிம்லிங்க் என்று ஒன்று உண்டு. சாமான் இங்கே இல்லை, அதோ அங்கே இருக்கிறது என்று கைகாட்டும் பலகை அது. திறந்து படித்தால் அசலே கிடைக்கும். ஆனால் அசல் தன் இடத்தைவிட்டு நகர்ந்திருக்காது. திங்கட்கிழமை அக்கா தனியாக ஒரு பில்டு இடம் ஒதுக்கி, அதில் மூல நிரல் ஃபோல்டருக்கு ஒரு கைகாட்டிப் பலகை நட்டு, அங்கே பில்டை ஓட்டினார். ஓடி முடிந்தது. போய்ப் பார்த்தால் பில்டு இடம் துடைத்துவிட்டாற்போல் இருக்கிறது. நாற்பத்தோரு கோப்புகளும் பழையபடி மூல நிரலின் மடியில்.

அக்கா கால் மணி நேரம் திரையையே பார்த்தார். பிறகு தனியாகச் சிரித்தார். அவர் கைகாட்டிப் பலகை மாட்டியது வாசலுக்கு. பில்டு நல்ல விருந்தாளியாக, பலகை காட்டிய வாசல் வழியே நுழைந்து, அசல் வீட்டுக்குள்ளேயே போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எச்சிலைப் போட்டிருக்கிறது. அறை நிஜமாக இருக்க வேண்டும். அறைக்குள் இருக்கும் சாமான்களுக்குத்தான் கைகாட்டி. மறுபடி செய்தார். ஃபோல்டர்கள் எல்லாம் பில்டு இடத்தில் புதிதாகக் கட்டிய உண்மையான அறைகள். அவற்றுக்குள் ஒவ்வொரு கோப்புக்கும் ஒவ்வொரு கைகாட்டி. தம்பி எதைத் திருத்தினாலும் அது அசலிலேயே திருந்தும். பில்டு எதைத் துப்பினாலும் அது அந்த அறையிலேயே விழும். பழைய மின்பலகைக்கு ஓர் அறை, புதிய மின்பலகைக்கு இன்னோர் அறை. இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டினார். ஒன்றின் தூள் மற்றதன் மேல் படவில்லை.

சாதாரண மனிதர்கள் இத்தோடு டீ குடிக்கப் போயிருப்பார்கள். அக்கா பூட்டு மாட்டினார். பில்டு ஓடும்போது மூல நிரலைப் படிக்கலாம், அதில் ஓர் எழுத்தும் எழுத முடியாது. எவனாவது அங்கே குப்பை போட முயன்றால் பில்டு கத்திக்கொண்டு நிற்கும். மூட்டை கட்டும் நிரலின் தேடும் பழக்கத்தையும் பிடுங்கினார். முழு முகவரி கொடுத்தார்: இந்த அறை, இந்தக் கோப்பு. அங்கே இருந்தால் எடு. இல்லாவிட்டால் ஊரெல்லாம் தேடாதே, நில்.

பூட்டு போட்ட முதல் ஓட்டத்திலேயே பில்டு கத்தியது. தேதியை ஒரு கோப்பில் எழுதி மூல நிரலுக்குப் பக்கத்தில் போடும் வரி ஒன்று, எட்டு வருடமாக யார் கண்ணிலும் படாமல் குப்பை போட்டுக்கொண்டிருந்தது. எழுதியவர் யார் என்று பார்த்தால், இதே மேலாளர்தான், அவரும் நிரல் எழுதிக்கொண்டிருந்த காலத்தில். அருகே ஒரு குறிப்பும் இருந்தது: தற்காலிகம். அக்கா அந்த வரியை அறைக்குள் மாற்றி வைத்தார். இதையும் யாரிடமும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை ஆய்வாளர் வந்தார். ஒரு கையில் மடக்கு நாற்காலி, மறு கையில் பெரிய தண்ணீர் பாட்டில்.

மூல நிரல் ஃபோல்டரில் இருப்பவற்றை அவர் தன் கையால் பட்டியல் எடுத்தார். இரண்டு பில்டும் ஓடின. மறுபடி பட்டியல் எடுத்து, இரண்டையும் வரிக்கு வரி விரல் வைத்து ஒப்பிட்டார். ஓர் எழுத்து கூடவில்லை, குறையவில்லை. பிறகு அவர் கண்ணில் ஒரு குறும்பு வந்தது. புதிய பலகைக்கான பகுதியில் ஒரு வரியைக் கெடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள் என்றார். தம்பி கெடுத்தார், அந்த வேலையில் அவருக்குச் சிரமமே இருக்கவில்லை. பழைய பலகைக்கான மாட்யூல் தன் அறையில் சமர்த்தாக வந்து விழுந்தது. புதியது பாதியில் நின்றது. மூட்டை கட்டும் நிரல் வந்து, புதிய அறையைப் பார்த்து, கதவு மாட்யூல் இல்லை, மூட்டை கட்டப்படவில்லை என்று எழுதிவிட்டு நின்றது. பக்கத்து அறையில் அதே பெயரில் ஒன்று கிடந்தும் எட்டிப் பார்க்கவில்லை.

அந்த ஒரு வரிச் செய்தியை ஆய்வாளர் மூன்று முறை படித்தார். அவருடைய ஐம்பது நிமிடம் அதில் இருந்தது.

வரியைச் சரிசெய்து, மாட்யூலை ஏற்றி, எல்லோரும் சோதனைக் கோபுரத்துக்குப் போனார்கள். லிஃப்ட் கதவு திறந்தது. ஆய்வாளர் அக்காவைப் பார்த்துக் கையைக் காட்டினார். "வாங்க, ஏறுங்க."

"நீங்க போங்க சார், நான் படியில வந்துடறேன்."

"அப்போ நானும் கையெழுத்த இங்க முதல் படியில வெச்சிட்டுப் போறேன். நீங்க ஏறி வரும்போது எடுத்துக்கோங்க."

தம்பி இருமினார். மேலாளருக்குத் திடீரென்று ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. மணி அடித்தது யார் காதிலும் விழவில்லை. அக்கா தன் செருப்பைப் பார்த்தார். லிஃப்டின் வாசலில் இருந்த அலுமினியப் பட்டையைப் பார்த்தார். ஒரு படி உயரம்கூட இல்லை. தாண்டினார்.

கதவு மூடியது. அக்கா மூச்சை நிறுத்திக் கதவையே பார்த்தார். மூடியிருப்பது லிஃப்டுக்குத் தெரிய வேண்டுமே. இரண்டு நொடி. ஆய்வாளர் மடக்கு நாற்காலியை விரிக்கலாமா என்று யோசித்த அந்த நேரத்தில், காலுக்கடியில் தரை மெதுவாக அழுத்தியது.

"எத்தனை வருஷமா இந்த வேலைல இருக்கீங்க?"

"பத்தொம்பது."

"ஒரு தடவகூட ஏறலயாமே, ஏன்?"

"உள்ள என்ன போகுதுன்னு தெரியும் சார்."

"இன்னிக்கு?"

அக்கா எண் பலகையில் மூன்று நான்காக மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னிக்கு எது எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியும்" என்றார்.

ஏழாவது தளத்தில் கதவு திறந்தது. ஆய்வாளர் நாற்காலியை விரித்து உட்கார்ந்து, முழங்காலில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். அவ்வளவு தூரம் தூக்கி வந்த நாற்காலிக்கு ஒரு வேலை வேண்டும் அல்லவா?

ஆவணப் பிரிவு விடுப்புப் படிவக் கையேட்டை அக்கா இல்லாமலே தொடர்ந்து திருத்துகிறது. அறைகளையும் கைகாட்டிகளையும் பற்றி மேலாளர் எல்லோருக்கும் ஒரு நீண்ட மின்னஞ்சல் அனுப்பினார். நடுப்பகுதி நன்றாக இருந்தது. பால்கனி முழுக்கத் தூளாகக் கிடக்கிறதே என்று அக்கா மட்டும் அந்த வாரம் முழுக்க ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏதோ உடம்புக்கு முடியவில்லை போல என்று கணவர் பயந்து, தானே பெருக்கிவிட்டார்.

கையெழுத்து விழுந்த மறுநாள், வெள்ளிக்கிழமை காலை, அலுவலக வாசலில் லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு கதவுத் தம்பி காத்திருந்தார். அக்கா தலையை ஆட்டிவிட்டு நேராகப் படிப் பக்கம் போனார்.

"என்னக்கா, நேத்துதான் ஏறினீங்களே."

அக்கா முதல் படியில் கால் வைத்தபடி, அந்த லிஃப்டின் நெற்றியில் மின்னிய பெயரைக் காட்டினார். கட்டடத்தின் சொந்தக்காரர் மலிவாகக் கிடைத்ததென்று மாட்டிய, போட்டி நிறுவனத்து லிஃப்ட் அது.

"அது நாம செஞ்சதில்லயே தம்பி" என்றார். "அவங்க வீட்டுல எது எங்க விழுந்து கெடக்குதோ."